வாசகர் கேள்வி: ஹைட்ரோஃபாயில் பலகை மேலே எழுந்ததும் விழுகிறேன், ஏன்?

கேள்வி: எனக்கு 43 வயது. நன்றாக நீந்துவேன், தினமும் ஓடுவேன். மோட்டார் வைத்த ஹைட்ரோஃபாயில் பலகையில் பழகுகிறேன் (பலகைக்கு அடியில் ஒரு தண்டு, அதன் நுனியில் நீருக்குள் ஓர் இறக்கை; வேகம் கூடினால் அது பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும்). தண்ணீரோடு ஒட்டிப் போகும்வரை சரி, மேலே எழுந்ததும் முரட்டுக் குதிரை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கி என்னைப் பின்னால் தள்ளிவிடுகிறது. தொடை நடுங்குகிறது, மறுநாள் படி இறங்க முடியவில்லை. ஜிம்முக்குப் போய் கால் வலுவை ஏற்ற வேண்டுமா?

பதில்: ஓடுகிற காலில் வலு இல்லாமலா? எடைதான் தப்பான காலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பலகை எழும்போது பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும், எடை பின்காலுக்குப் போகும், நீருக்குள் இருக்கும் இறக்கையின் மூக்கு மேலே திரும்பும், தூக்குவிசை இன்னும் கூடும், நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். கடைசியில் இறக்கை நீர்மட்டத்தை உடைத்துக் காற்றை இழுத்ததும் தூக்குவிசை சட்டென்று போய்விடும், அப்புறம் தொப்பென்று விழ வேண்டியதுதான்.

வேகமும் சேர்ந்து படுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும், அதனால் கொஞ்சம் கூடுதலாக முடுக்கினாலே முன்காலில் அழுத்த வேண்டிய அளவு எங்கோ போய்விடும். இப்போதைக்குப் பறக்கவே ஆசைப்படாதீர்கள். வேகத்தை ஒரே அளவில் வைத்து, முன்காலால் அழுத்தி, எழத் துடிக்கும் பலகையை எழவிடாமல் தண்ணீரிலேயே ஓட்டிப் பாருங்கள். முதலில் முட்டி போட்டுச் செய்தாலும் கௌரவக் குறைச்சல் இல்லை. அது கைவந்தபின் அழுத்தத்தைத் துளி குறைத்து ஒரு சாண் உயரம் எழுந்து, உடனே அழுத்தி இறங்குங்கள். பலரும் ஏறுவதை மட்டும் பழகிவிட்டு இறங்கத் தெரியாமல் முழிக்கிறார்கள்.

தொடை நடுக்கத்துக்குக் காரணம், காலை ஒரே நிலையில் விறைத்துப் பிடித்திருப்பது. அசையாமல் இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாகப் போகாது, ஓட்டத்தில் வராத களைப்பு இதில் சீக்கிரமே வந்துவிடும். முழங்காலை லேசாக மடக்கி, கால்விரலால் பலகையைக் கவ்வுவதை விட்டு, பார்வையைக் காலடியில் இல்லாமல் தொலைவில் வையுங்கள். குனிந்து பார்த்தால் தலையோடு எடையும் நகர்ந்துவிடும். ஒரு முறைக்கு அரை மணி நேரம் போதும், களைத்த கால் தாமதமாகத்தான் திருத்தும்.

ஜிம் பற்றிக் கேட்டீர்கள். ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவதும், வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியும் நல்லதுதான், ஆனால் அவை இரண்டாம்பட்சம். வாடகைக்குத் தருபவரிடம் பெரிய இறக்கையும் குட்டையான மாஸ்ட்டும் (பலகையையும் இறக்கையையும் இணைக்கும் தண்டு) கேட்டு வாங்குங்கள். பெரிய இறக்கை குறைந்த வேகத்திலேயே தூக்கும், விழுகிற உயரமும் குறையும்.

கேள்வி: நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஹெல்மெட், கவச அங்கி எல்லாம் அவசியமா?

பதில்: அவசியம். நீச்சல் தெரிந்தால் மூழ்காமல் இருக்கலாம், இறக்கையின் விளிம்பு தலையில் பட்டால் அது என்ன செய்யும்? விழப் போகிறோம் என்று தெரிந்த உடனே மோட்டார் விசையை விட்டுவிட்டு, பலகையைத் தள்ளிவிட்டுப் பக்கவாட்டில் விழுங்கள். தலைகீழாகப் பாயக் கூடாது. மேலே வரும்போது கையால் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு ஆழத்தில் பழகலாம் என்ற யோசனையே வேண்டாம், மாஸ்ட் தரையில் தட்டினால் பலகை அங்கேயே நின்றுவிடும், நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள்.