ஓடுகிற லேப்டாப்பை ஏன் கைவிடுகிறார்கள்?

கேள்வி: 2017-இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப், 8 ஜிபி ராம். ஒரு கோளாறும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்கிறது. புதுசு விற்கத்தானே இந்த வேலை?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி அதுதான். மீதிப் பாதி டிரைவர் சமாசாரம். டிரைவர் என்றால் கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள்.

உங்கள் லேப்டாப்பில் டிஸ்ப்ளே, வைஃபை, சவுண்டு, டச்பேடு எல்லாவற்றுக்கும் தனித்தனி டிரைவர் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதுவது அந்தந்தச் சிப்பைச் செய்த கம்பெனி. சிப்பை விற்ற காசு என்றைக்கோ வந்துவிட்டது. எட்டு வருஷம் கழித்து அதற்குப் புது டிரைவர் எழுதி, சோதித்துக் கொடுத்தால் தம்பிடி வராது. அதனால் எழுதுவதில்லை. பாதுகாப்பும் ஒரு காரணம். 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் சிப்பின் வடிவமைப்பிலேயே இருந்தவை. மென்பொருளால் அடைத்தபோது பழைய சிப்கள்தான் அதிகம் மந்தமாயின.

சரி, எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 என்று கோட்டை ஏன் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் போட்டார்கள்? இங்கேதான் உங்கள் சந்தேகம் எனக்கும் வருகிறது. மைக்ரோசாஃப்ட்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருப்பதும் ஏழாம் தலைமுறைச் சிப்தான், ஐ7-7820எச்க்யூ. 2021-இல் தகுதியுள்ள சிப்களின் பட்டியலைத் திருத்தியபோது அது உள்ளே வந்துவிட்டது. அதன் டிரைவர்கள் புது முறைப்படி எழுதப்பட்டவையாம். சொந்த மெஷின் என்றால் டிரைவர் எழுத ஆள் கிடைக்கிறது!

இனி உங்கள் கதை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, நீட்டித்தார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிந்துகொள்ளலாம். யூடியூபில் காட்டும் குறுக்கு வழியில் 11-ஐயும் போட முடியும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது. கணக்கு வழக்கு உள்ள மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

நான் போடச் சொல்வது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். லினக்ஸ்காரர்களும் கைவிடுகிறவர்கள்தான், ஆனால் நிதானமாக: 1985-இல் வந்த 386 சிப்பை 2012-இல்தான் கழற்றிவிட்டார்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். டேலி கணக்கு மென்பொருள் இல்லாமல் முடியாது என்றால் மட்டும் மின்ட் சரிப்படாது. புதுசுக்குத்தான் போக வேண்டும்.