பழைய புற்றுநோய் பரவியதா, புதிதாக இன்னொன்று வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேட்டவரின் அப்பாவுக்கு மூன்று வருடம் முன்பு குடல் புற்றுநோய். இப்போது நுரையீரலில் ஒரு கட்டி தெரிகிறது. எல்லோரும் பரவிவிட்டது என்கிறார்கள், வேறு புற்றுநோயாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் டாக்டர் இல்லை, குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 2014-இல் இடது மார்பில் புற்றுநோய். பெரியம்மா சென்னையில் இருந்ததால் ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைத்தது (கதிர்வீச்சு) எல்லாம் அங்கேயே முடிந்தது. எட்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2022 ஏப்ரலில் விடாமல் இருமல். சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் 2.2 செ.மீ. கட்டி. முதலில் பார்த்த டாக்டர் பழைய ஃபைலை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "மார்புல இருந்து பரவிடுச்சு, நாலாவது ஸ்டேஜ்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் வெளியே வந்ததும் அம்மா, "இன்னாடா சொன்னாரு? மூஞ்சி ஏன் இப்படி கீது?" என்று கேட்டார். பஸ் வரும் நேரமாச்சு என்று பேச்சை மாற்றினேன்.

அடுத்த வாரம் வேலூர். கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்து காந்தி ரோட்டு லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கிப் பார்க்கிற ஊர் நமக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. இதை நானே அப்போதுதான் உணர்ந்தேன். அங்கே பார்த்த டாக்டரம்மா மூன்று சாத்தியம் சொன்னார். ஒன்று, மார்புப் புற்றுநோய் பரவியது. இரண்டு, நுரையீரலிலேயே புதிதாகத் தொடங்கியது. மூன்றாவதை நான் நினைத்தே பார்க்கவில்லை: டிபி. நம் ஊரில் டிபி சாதாரணம், புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் (PET) ஸ்கேனில் அதுவும் புற்றுநோய் மாதிரியே ஒளிரும். "கட்டி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சதை எடுத்துப் பார்க்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவும் என்று சித்தி ஒரே அழுகை. அதற்குப் பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். நுரையீரலில் ஊசி போட்டால் காற்றுக் கசிய வாய்ப்பு உண்டு. அதனால் சில மணி நேரம் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான். 2014-இல் எடுத்த கட்டியின் பிளாக் வேண்டும் என்றார்கள். பிளாக் என்றால் மெழுகில் பதித்த சதைத் துண்டு. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் பென்சிலில் ஒரு நம்பர், நடுவே வெள்ளை மெழுகில் புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஏதோ. அம்மாவை எட்டு வருடம் முன்பு ஆட்டிவைத்தது இத்தனூண்டுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்னையில் எழுதிக் கொடுத்து வாங்கி, காட்பாடிக்கு ரயில் ஏறினேன். கத்திரி வெயில். மெழுகு உருகிவிடுமோ என்று ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். லேபில் இருந்தவர் பார்த்துச் சிரித்தார். 55, 60 டிகிரி போனால்தான் உருகுமாம். வேலூர் வெயிலுக்கே அது கொஞ்சம் அதிகம்தான்.

இரண்டு சதையையும் மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதோடு ஐ.எச்.சி. என்று ஒரு பரிசோதனை. செல்லுக்குள் இருக்கும் புரதங்களுக்குத் தனித்தனியாகச் சாயம் ஏற்றுவது. புற்றுநோய் எங்கே பரவினாலும் பிறந்த இடத்தின் அடையாளத்தைப் பெரும்பாலும் விடாது. மார்பில் பிறந்தது என்றால் காட்டா-3, ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் மாதிரியானவை சாயம் பிடிக்கும். நுரையீரலில் பிறந்ததில் டிடிஎஃப்-1, நாப்சின். அம்மாவின் பழைய பிளாக்கில் முதல் இரண்டும் பாசிட்டிவ். புதுக் கட்டியில் அவை இரண்டும் நெகட்டிவ், டிடிஎஃப்-1 பாசிட்டிவ்.

"அப்போ இது அதுக்கு சொந்தமே இல்லியா?" என்றார் அம்மா. இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. பரவியதா, புதிதா என்று பிரிக்க 1932-இல் வாரன், கேட்ஸ் என்ற இருவர் வகுத்த விதியும் கிட்டத்தட்ட இதுதான்: இரண்டும் உறுதியாகப் புற்றுநோயாக இருக்க வேண்டும், இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றிலிருந்து பரவியதல்ல என்று நிரூபிக்க வேண்டும். இன்றைக்கும் இதைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள்.

பெயர் மாறியதோடு நிற்கவில்லை, ஸ்டேஜே மாறியது. மார்பிலிருந்து வந்தது என்றால் நாலு. நுரையீரலிலேயே தொடங்கியது, நெறிகட்டிகளில் ஏதுமில்லை, மூன்று செ.மீ.க்குள் என்றால் ஒன்று. நுரையீரலில் கட்டி இருந்த மடலை (பகுதியை) மட்டும் ஆபரேஷனில் எடுத்தார்கள். கீமோ தேவைப்படவில்லை.

ஏன் இரண்டாவதாக வந்தது என்று அம்மாவுக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கரண்ட்தான் காரணமோ என்றால், அதை வைத்தது இடப்பக்கம், கட்டி வந்தது வலப்பக்கம். குடும்பத்தில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் என்று விசாரித்தார்கள், ஏனென்றால் சில மரபணுக் கோளாறுகளில் ஒருவருக்கே பல இடத்தில் வரும். உங்கள் அப்பா விஷயத்திலும் இதைக் கேட்பார்கள், குறிப்பாகச் சின்ன வயதில் வந்திருந்தால். புகையிலைக்காரர்கள் கதை வேறு. வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் ஒரே விஷத்தில் ஊறுவதால் இரண்டு மூன்று இடத்தில் தனித்தனியாகக் கிளம்பும். வார்டில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி பீடி சுற்றிக்கொண்டே முப்பது வருடம் புகையிலை மென்றவர். வாய்க்காக வந்தவருக்கு உணவுக்குழாயிலும் இருந்தது. அதில் ஒரு சிக்கல்: இரண்டும் ஒரே ஜாதி செல், சாயம் போட்டாலும் ஒன்றுபோலவே தெரியும். இடம், வடிவம், காலம் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் அப்பாவுக்கு அந்தச் சிக்கல் குறைவு. குடலில் பிறந்ததற்கு சிடிஎக்ஸ்-2, சிகே-20 என்று வேறு அடையாளங்கள் உண்டு. பரவியதாகவே முடிவு வரலாம், குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் போவது புதிதல்ல. அப்படியே வந்தாலும் ஒற்றைக் கட்டி என்றால் ஆபரேஷனுக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள், சிலருக்குச் செய்கிறார்கள். இப்போதைக்கு, குடல் ஆபரேஷன் நடந்த இடத்துக்குப் போன் போட்டு பிளாக் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நம்பர் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டிலேயே இருக்கும். ஈரத்துணி வேண்டாம்.