குழுவாக மதுரை காந்தி அருங்காட்சியகம் போகிறோம், ஒரு மணி நேரம் போதுமா?

கேள்வி: பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாகச் சேர்ந்து வேனில் மதுரை போகிறோம். காந்தி அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குப் போரடிக்குமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதில்:

ஒரு மணி நேரம் பத்தாது. போரடிக்குமா என்பது நீங்கள் எப்படிச் சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து போனோம். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒன்றாகக் கூட்டிப் போவது அங்கே வேலைக்காகாது. முதலில் வருவது விடுதலைப் போராட்ட வரலாறு. படமும் எழுத்துமாக 265 படப்பலகைகள். முன்னால் நிற்பவர் படித்து முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் இருந்தபோது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். "பேசாதே, நட, நட" என்று சொல்லியே கடைசிவரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாவம், அந்தப் பிள்ளைகள் பார்த்ததெல்லாம் முன்னால் போனவன் முதுகைத்தான்.

உள்ளே போனதும் பிரிந்துவிடுங்கள். படிக்கப் பிடித்தவர்கள் வரலாற்றுப் பகுதியிலேயே நிற்கட்டும். பிள்ளைகளை ஒரு பெரியவரோடு நேராகக் காந்தியின் பொருட்கள் இருக்கும் பகுதிக்கு அனுப்புங்கள். கால் வலிக்கும்முன் பார்க்க வேண்டியது அதுதான். 1948 ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சிவப்பை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள், "இதுதானா?" என்றார்கள். எங்களோடு வந்த ஆச்சி, "ரத்தம் காஞ்சா இப்படித்தாண்டா இருக்கும், பழுப்பா" என்றார். அதுவரை பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்த பையன் கையை எடுத்துக்கொண்டான்.

கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள். பாரதியாருக்குக் காந்தி அனுப்பிய வாழ்த்து இருக்கிறது. ஹிட்லருக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது, 'அன்பு நண்பரே' என்று தொடங்குவது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு கடிதத்தை வைத்தே மதியம் வரை சண்டை போடுவார்கள். போடட்டும்.

கட்டடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. பின்னால் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்தார்கள். அப்புறம்தான் காந்திக்கு ஆனது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து திறந்துவைத்தார். நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் இல்லை.

அருங்காட்சியகத்தோடு திரும்பிவிட்டால் பாதிதான் பார்த்ததாகும் என்பது என் கருத்து. காந்தி கடைசியாக உடுத்திய துணி மதுரையில் இருக்கிறது. அவர் சட்டையை விட்டதும் இதே மதுரையில்தான். 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து ரயிலில் வந்தபோது, அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதரைப் பற்றிப் பேசிப் பார்த்தார். கதர் விலை அதிகம், வாங்கக் கட்டுப்படியாகாது என்றார்கள். 22ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டு மாடியிலிருந்து இடுப்பில் சிறு வேட்டியோடு மட்டும் இறங்கினார். சட்டையையும் தொப்பியையும் அக்டோபர் 31 வரையாவது விடுவதாகத்தான் அப்போது அறிவித்தார். அதற்கப்புறம் சாகும்வரை போடவில்லை.

அந்த வீடு 251, மேலமாசி வீதி. இப்போது கதர் விற்பனை நிலையம் நடக்கிறது. அந்த வீதியில் வேனை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். முன்னாடியே இறங்கி நடந்துவிடுங்கள். கதர்த் துண்டு ஒன்று வாங்குவதாகச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிக்காமல் வருவார்கள்! அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலாக மக்கள் முன் பேசிய இடமும் ஊரிலேயே இருக்கிறது, காமராசர் சாலையில். காந்தி பொட்டல் என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே பார்க்கச் சிலை தவிர அதிகமில்லை, வழியில் பட்டால் போதும்.

காலையில் அருங்காட்சியகம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலமாசி வீதி, அங்கிருந்து மீனாட்சி கோயில் என்று வைத்துக்கொண்டால் வெயிலும் தாழ்ந்திருக்கும். மதியம் சாத்திய நடையை நாலு மணி வாக்கில் திறப்பார்கள். இந்தக் கோயிலுக்கும் கதை உண்டு. தாழ்த்தப்பட்டவர்களை விடாத கோயிலுக்குள் நானும் வரமாட்டேன் என்று காந்தி போகாமலே இருந்தார். 1939இல் மதுரை விடுதலைப் போராட்டக்காரர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். காந்தி 1946இல்தான் வந்து கும்பிட்டார். வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இது சரியாக இருக்கும், எப்படியும் அரை மணி நேரமாவது நிற்பீர்கள்.