சிறு தொழிலில் தரத்தை எப்படி நிர்வகிப்பது? ஒரு செக்கர் வைத்தால் போதுமா?

கேட்டிருப்பவர் சிறிய அளவில் குழந்தைகள் ஆடை தைத்து ஆன்லைனில் விற்கிறார். தரம் சரியில்லை என்று துணி திரும்பி வருகிறதாம். தைத்து முடித்ததைப் பார்த்துக் கெட்டதை ஒதுக்கும் ஆள், அதாவது ஒரு செக்கரை வேலைக்கு வைத்தால் சரியாகிவிடுமா என்பது கேள்வி.

செக்கர் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் மட்டும் துணி திரும்பி வருவது நிற்காது. நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பத்தொன்பது வருடமாகத் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன். செக்கராகச் சேர்ந்தவன்தான். சேர்ந்த புதிதில் நானும் உங்களைப் போலவே நினைத்தேன். அந்த நினைப்பு உடைந்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளுக்கான ரவுண்டு நெக் டீசர்ட், 3000 பீஸ். பேக்கிங் முடிந்து பெட்டி கட்டியாயிற்று. பையர் தரப்பிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு ஒருவர் வந்தார். இந்த வேலைக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி அட்டவணை உண்டு, ஐஎஸ்ஓ 2859 என்பார்கள். அதன்படி 3000 பீஸுக்கு 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறைகளுக்கு ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பு) 2.5 என்று ஒப்பந்தம் இருந்தால், அந்த 125-ல் 7 பீஸ் வரை குறை இருக்கலாம், எட்டாவது வந்தால் மொத்த லாட்டும் பெயில். அவர் பெட்டிகளைத் தானே தேர்ந்தெடுத்து, பீஸ்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் கழுத்தையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒன்பது பீஸில் கழுத்துப் பட்டி 'டப்'பென்று வாய் பிளந்தது.

அந்த 3000 பீஸையும் அதற்கு முன் எங்கள் செக்கிங் மேஜையில் ஆறு பேர் ஒன்று விடாமல் பார்த்திருந்தார்கள். சோம்பேறிகள் இல்லை. கறை, ஓட்டை, பிசிறு, அளவு எல்லாம் பார்த்தார்கள். ஆனால் கழுத்தில் தையல் விட்டிருப்பது மேஜையில் விரித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, இழுத்தால்தான் தெரியும். இழுத்துப் பார்க்கச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

பாலிபேக்கை எல்லாம் பிரித்து, 3000 பீஸையும் திரும்பப் பார்த்து, கெட்டதைத் தைத்து, மறுபடி அயர்ன் பண்ணி மடித்துப் போட ராத்திரி பகலாக வேலை நடந்தது. குறை வந்த பீஸ் எல்லாம் ஒரே சைஸ் என்பதை நடுவில்தான் கவனித்தோம். அந்த சைஸுக்குக் கழுத்து ஏற்றியது ஒரே ஒரு ஓவர்லாக் மெஷின். அதில் உட்காரும் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"தையல் உடுதுன்னு முந்தாநேத்தே சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேனுங்க தம்பி. ஆர்டர் முடியட்டும், அப்பறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னுட்டாருங்க."

மெக்கானிக் வந்தார். நூலைக் கோர்த்துத் தையல் போடும் லூப்பர் என்ற பாகத்தின் முனை தேய்ந்திருந்தது. மாற்றி ஓட்டிப் பார்க்க இருபது நிமிடம் ஆனது.

அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் எத்தனை ஷிப்ட் போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், தரம் செக்கிங் மேஜையில் உருவாவது இல்லை என்பது எனக்கு உறைத்தது. மேஜைக்கு வரும்போது பீஸ் ஏற்கெனவே நல்லதாகவோ கெட்டதாகவோதான் இருக்கிறது. செக்கர் பிரித்து வைக்கிறார், அவ்வளவுதான். அதுவும் எதைப் பார்க்கச் சொன்னோமோ அதை மட்டும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிலில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924-லேயே ஒரு பக்கக் குறிப்பில் இதற்கு வழி காட்டினார். பொருள் முடிந்தபின் பொறுக்குவதை விட்டுவிட்டு, வேலை நடக்கும்போதே அளந்து வரைபடத்தில் குறித்துக்கொண்டு வரும் முறை அது. அவர் வழியில் வந்த டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் வகுப்பெடுத்தார். தரத்துக்காகப் பரிசோதனையை நம்பியிருப்பதை நிறுத்துங்கள் என்பது அவருடைய பதினான்கு கொள்கைகளில் ஒன்று. அவர் பெயரில் ஜப்பானில் தரும் விருதை, சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் வாங்கியது. இந்தியாவுக்கு அதுதான் முதல் தடவை. இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் சரிப்படும் என்று யாராவது சொன்னால் நான் பாடியைத்தான் காட்டுவேன்.

ஷூஹார்ட் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது ஒரு பிரிவினை. எந்த வேலையிலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இயல்பாக இருக்கும். அது வேறு, ஏதோ ஒரு காரணத்தால் திடீரென வரும் மாற்றம் வேறு. உங்கள் டீசர்ட்டின் மார்பு அகலம் 36 செ.மீ என்று வையுங்கள். 35.8, 36.2, 36.1 என்று வந்தால் அது துணியின் குணம், கையின் குணம். அதற்காக டெய்லரைத் திட்டினால் அடுத்த பீஸ் இன்னும் மோசமாகத்தான் வரும். ஆனால் ஒரு பண்டல் முழுக்க 34.5 என்று வந்தால் அங்கே ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது, தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

எங்களிடம் அப்படி ஒருமுறை வந்தபோது எல்லோரும் தைத்தவரையே பார்த்தோம். காரணம் கட்டிங்கில் இருந்தது. நிட்டிங் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். ரோலைப் பிரித்துத் தளர்வாகப் போட்டு ஒரு ராத்திரியாவது ஆற விட்டுத்தான் வெட்ட வேண்டும். அன்று அவசரம் என்று ரோலிலிருந்து நேராக மேஜையில் விரித்து வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிறகு துணி தன் பாட்டுக்குச் சுருங்கியது. பாவம், டெய்லர் என்ன செய்வார்?

இனி உங்கள் கேள்வியின் முதல் பகுதி, தரத்தை எப்படி நிர்வகிப்பது என்பது. அதற்கு முன் தரம் என்றால் என்ன என்று எழுதி வைக்க வேண்டும். "நல்ல துணி, நீட்டான தையல்" என்று சொன்னால் அது ஆசை. அளந்து பார்க்கிற மாதிரி எழுதினால்தான் அது தரம். 180 ஜிஎஸ்எம் துணி, அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம், என்று எழுதுங்கள். 100 சதுர செ.மீ வட்டமாக வெட்டி எடை போட்டால் 1.8 கிராம் காட்ட வேண்டும், வாக்குவாதமே கிடையாது. துணியில் 50 செ.மீக்கு 50 செ.மீ சதுரம் வரைந்து, அம்மாக்கள் வீட்டில் துவைப்பது போலவே துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 47.5 வந்தால் 5 சதவீதம் சுருங்குகிறது. உங்கள் வரம்பு அதற்குள் இருக்கிறதா என்பதைத் துணி வாங்கும் முன்பே முடிவு செய்துவிடலாம். நிறத்தை ஒரே வெளிச்சத்தில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போகிற உடலும் கழுத்துப் பட்டியும் வெயிலில் வேறு வேறாகத் தெரிவது எங்கள் ஊரில் தினப்படி நடப்பது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: குழந்தை ஆடையில் கழுத்து எவ்வளவு விரியும் என்பதற்குக் குறைந்தபட்ச அளவு எழுதியே ஆக வேண்டும். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் குழந்தையின் தலை நுழையாவிட்டால் அந்தச் சட்டை திரும்பித்தான் வரும். இந்த மாதிரி அளவு நம் மூளையில் உதிக்காது, போட்டுப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். திரும்பி வந்த துணியோடு வந்த புகார்களை ஒன்று விடாமல் படியுங்கள். உங்கள் அளவுப் பட்டியலில் விட்டுப்போன வரிகள் அதில்தான் இருக்கின்றன. பட்டியல் முடிந்ததும் அதன்படி ஒரு பீஸ் தைத்து, கையெழுத்துப் போட்டு, டெய்லர் கண்ணெதிரே தொங்கவிடுங்கள்.

நீங்கள் விற்பது ஆடை மட்டும் இல்லை. அனுப்புவது, பதில் சொல்வது, மாற்றிக் கொடுப்பது எல்லாம் சேவை. அதை மேஜையில் போட்டுப் பார்த்துக் கெட்டதை ஒதுக்கவே முடியாது, நடக்கும்போதே அது வாடிக்கையாளர் கையில் போய்விடுகிறது. அதனால் சேவையில் செய்முறைதான் எல்லாமே. 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். ஒரு மேஜையில் டாக்டர் கண்புரை அறுவை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியை நர்ஸ்கள் தயார் செய்துவிடுகிறார்கள். யார் எதை, எந்த வரிசையில் செய்வது என்பது முன்பே முடிவானது. கண்ணுக்கே அப்படி ஒழுங்கு கொண்டுவர முடிகிறது என்றால் நம் பார்சலுக்கு முடியாதா?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வைக்கிற செக்கரைக் கடைசி மேஜையில் உட்கார வைக்காதீர்கள். மெஷின் மெஷினாக நடக்கச் சொல்லுங்கள். எங்கள் கம்பெனியில் சுற்றி வருபவர் ஒவ்வொரு மெஷினிலும் ஏழு பீஸ் எடுத்துப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் பச்சை அட்டை, சந்தேகம் என்றால் மஞ்சள், தப்பு என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த மெஷின் சரிசெய்யும்வரை ஓடாது. முதலில் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. அந்த 3000 பீஸ் கணக்கைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன்.

தைப்பவருக்கும் மெஷினை நிறுத்தும் உரிமை கொடுங்கள். பீஸ் ரேட்டில் கூலி கொடுப்பவராக இருந்தால் இது வாய்ச்சொல்லில் நிற்காது. நிறுத்தினால் கூலி போகும் என்றால் யார் நிறுத்துவார்கள்? தானாக வந்து "இது தப்பாயிருச்சுங்க" என்று சொல்பவரிடம் ஒரு பைசா பிடிக்காதீர்கள். மெஷின் நின்ற நேரத்துக்கும் கூலி கொடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். காசு பிடிக்கிற இடத்தில் தப்பு குறைவதில்லை, பண்டலுக்கு நடுவே மறைந்து போகிறது. அந்த அக்கா இரண்டு நாள் முன்பே சொன்னார், அதைக் கேட்டிருந்தால் போதும்.

கூடவே ஒரு நோட்டு. தேதி, என்ன குறை, எந்த மெஷின், என்ன காரணம், என்ன செய்தோம் என்று ஐந்து கட்டம். வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். குறைகள் பத்து வகை இருந்தாலும் இரண்டு மூன்று வகைதான் பெரும்பாலான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த வாரம் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் நோட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கும் ஏறியது, முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அதெல்லாம் முன்பும் இருந்தவைதான், இதுவரை வாடிக்கையாளர் வீட்டில் போய் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன என்று சொன்னேன். மூன்றாவது மாதம் கழுத்துத் தையல் என்ற வரி நோட்டில் வரவே இல்லை.