வாசகர் கேள்வி - பதில்: பர்மாவில் யாரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: இராணுவ ஆட்சிக் காலத்தில் பர்மாவுக்குச் சுற்றுலா சென்றுவந்த என் உறவினர், அங்குள்ள மக்கள் எப்போதும் சிரித்த முகத்துடன் இருந்தார்கள் என்றும், அடக்குமுறைக்கான அடையாளம் எதையும் தாம் காணவில்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார். தாங்களும் அக்காலத்தில் அங்கே சென்றவர் என்பதால் கேட்கிறேன். அவர் சொல்வது உண்மைதானா?

பதில்: அவர் கண்டது உண்மைதான். 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரங்கூனிலும் மாண்டலேயிலும் தங்கியிருந்தபோது நானும் அதே முகங்களைத்தான் கண்டேன். வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிட்டு நின்றுவிடாமல், தம் வேலையை விட்டுவிட்டு உடன் நடந்து வந்தவர்கள் பலர். அந்த அன்பில் நடிப்பு ஏதும் இல்லை. ஆனால், விருந்தினரைப் பார்த்துச் சிரித்ததை ஆட்சியாளருக்கு அளித்த சம்மதமாக எடுத்துக்கொண்டால், அந்த மக்களுக்குப் பெரும் அநீதி இழைத்தவர்களாவோம்.

அடையாளங்கள் கண்ணெதிரிலேயே இருந்தன. அந்நியரின் கைப்பாவைகளை எதிர்க்க வேண்டும், நாட்டைச் சீர்குலைப்போரைப் பொது எதிரியாகக் கருதி நசுக்க வேண்டும் என்றெல்லாம் 'மக்களின் விருப்பம்' என்ற தலைப்பில் அரசு சிவப்புப் பலகைகளை நட்டிருந்தது. அந்த மக்களோ அவற்றின் பக்கம் கண்ணை உயர்த்தாமலே கடந்து சென்றார்கள். அரசின் கணக்கில் ஒரு டாலருக்கு, அந்நாட்டு நாணயமான சாட் ஏறத்தாழ ஆறு. தெருவிலோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். தேநீர்க் கடைகளின் குட்டை முக்காலிகளில் மணிக்கணக்காக அமர்ந்து கால்பந்தாட்டத்தையும் விலைவாசியையும் பேசியவர்கள், வீட்டுக் காவலில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூச்சியின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'அம்மையார்' என்றார்கள், அதையும் குரலைத் தாழ்த்தியே.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கடைக்குள் பேசுவதைத் தவிர்த்து, ஏரிக்கரையில் நடக்கலாம் வாருங்கள் என்று என்னை அழைத்துச் சென்றார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஈடு ஏதுமின்றி ஒரே நாளில் செல்லாதவையாக்கப்பட்டபோது மகளின் திருமணத்துக்காகச் சேர்த்தது முழுவதும் போனதையும், அவற்றுக்குப் பதிலாக, ஆட்சியாளர் நே வின் அதிர்ஷ்டமாகக் கருதிய ஒன்பதால் வகுபடும் 45, 90 சாட் நோட்டுகள் வந்ததையும், அதன்பின் கையில் மிஞ்சியதையெல்லாம் பொன்னாகவே வாங்கி வைத்ததையும் விரிவாகச் சொன்னார். அடுத்த பெஞ்சில் யாரோ ஒருவர் வந்து அமர்ந்ததுதான் தாமதம், குரலில் சிறு மாற்றமும் இல்லாமல், ஷ்வேடகோன் பகோடாவின் உயரம் 326 அடி என்று எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். அச்சத்தில் கை நடுங்குவதைத்தான் அடக்குமுறையின் அடையாளம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். யார் கேட்கிறார்கள், இந்த இடத்தில் எதைப் பேசலாம் என்று இடைவிடாது கணக்கிடும் அந்தப் பழக்கமே அதைவிடக் கொடியது என்று அன்று உணர்ந்தேன். தங்கள் உறவினர் அதைக் காணாமற்போனதில் வியப்பில்லை. அவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே வளர்ந்த பழக்கம் அது.

இரவுகளைப் பயணி அறவே அறிவதில்லை. ஒரு வீட்டில் வெளியூர் விருந்தினர் தங்கினால் வட்டார அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டி, குடும்பப் பட்டியலோடு தலைகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் வருவார்கள். 2016இல் நீக்கப்பட்ட அந்த விதி, 2021 பிப்ரவரியில் சூச்சியின் கட்சி ஆட்சி இராணுவத்தால் கவிழ்க்கப்பட்ட இரண்டு வாரங்களுக்குள்ளாகவே திரும்ப வந்தது.

கேள்வி: இத்தனை காலம் அந்த மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்?

பதில்: பொறுத்துக்கொண்டார்கள் என்று யார் சொன்னது? 1962 மார்ச்சில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டார்கள், மறுநாள் அவர்களுடைய சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1988 ஆகஸ்டு 8 அன்று நாடே தெருவுக்கு வந்தது. 1990 தேர்தலில் போட்டி நடந்த 485 இடங்களுள் 392ஐ மக்கள் சூச்சியின் கட்சிக்கு அளித்தும் ஆட்சி கைமாறவில்லை. 2007இல் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். படைத்தலைவர்களின் தானத்தை ஏற்க மறுத்து, அவர்களுக்குப் புண்ணியம் சேரும் வழியையே அடைத்த அச்செயலின் கனம் பௌத்த நாட்டில் எளிதன்று. 2021இல் இரவுதோறும் பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பினார்கள். வீட்டிலிருந்து தீய சக்தியை விரட்டும் பழைய வழக்கம் அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017இல் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இராணுவத்தின் தாக்குதலால் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு ஓடியபோது, அதே படையின் கொடுமையை நன்கறிந்த பெரும்பான்மையினருள் பலர் அப்படையின் கூற்றையே நம்பினார்கள். 2021க்குப் பிறகு சிலர் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். தாமே அடக்கப்பட்டிருந்தும் அண்டை வீட்டாரின் துயரைக் காணாதவர்களாக அந்நல்லவர்கள் ஆனது எனக்கு இன்றளவும் வலிக்கிறது.

கேள்வி: இத்தகைய நாடுகளுக்குச் செல்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: அரசியலை நீங்களாக எடுக்காதீர்கள், அவர்களே எடுத்தால் கேளுங்கள். உங்களுக்கு நேரக்கூடியது பெரும்பாலும் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுவது. உங்களிடம் பேசியவருக்கோ பல ஆண்டுச் சிறை. மாண்டலேயில் மீசைச் சகோதரர்கள் எனப்பட்ட நகைச்சுவைக் குழுவைச் சேர்ந்த பா பா லே, ஆட்சியைக் கேலி செய்ததற்காக 1996இல் ஏழாண்டுத் தண்டனை பெற்றவர். விடுதலைக்குப் பின்னும் பொது மேடை மறுக்கப்பட்டதால், தம் வீட்டிலேயே வெளிநாட்டினர் முன்பு மட்டும் நிகழ்த்திவந்தார்.

நானும் தவறியிருக்கிறேன். ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்தார்கள். குறிப்பேட்டை எடுத்துப் புரட்டாமலே திரும்ப வைத்தார்கள். அதில் அந்த ஆசிரியரின் பெயரையும் தெருவையும் எழுதி வைத்திருந்தேன். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதினால் அக்கடிதமே அவருக்குத் தீங்காகலாம் என்பதால், இன்றுவரை எழுதவில்லை.