லேயில் கரும்புகை கக்கும் ஹீட்டர்

கேள்வி: வேனைக் கேம்பராக (உள்ளேயே தங்கித் தூங்கும் வண்டியாக) மாற்றி 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் மாட்டினோம். கோவையில் நன்றாக ஓடியது. லடாக்கில் இருக்கும் லே போனதும் கரும்புகை விட்டு, அணைந்தே போனது. என்ன பழுது?
– வாசகி, கோவை

பதில்: லே சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்று மெலிந்துவிடும், பம்ப் மட்டும் சமவெளியில் விட்ட அதே அளவு டீசலை விடும். எரியாத மிச்சம் கரியாகப் படியும். கன்ட்ரோலரில் உயரத்துக்கான அமைப்பு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பம்ப் வேகத்தைக் குறையுங்கள்.

ஏற்கெனவே அடைத்த கரி இதனால் போகாது. டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றினால் உள்ளே விரல் நுனி அளவில் ஒரு கம்பிவலை இருக்கும். பட்டறைக்கு வரும் ஹீட்டர்களில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கறுத்து இறுகியிருந்தால் புதிது போடுங்கள். இரவெல்லாம் குறைந்த சூட்டிலேயே ஓட்டினாலும் கரி சேரும். காலையில் கால் மணி நேரம் முழு வேகத்தில் விடுங்கள். அணைக்கும்போது சுவிட்சில் மட்டும் அணையுங்கள். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினால் விசிறி நின்று, உள்ளே தங்கும் சூட்டில் பாகங்கள் கெடும்.

குளிர்காலம் என்றால் சமவெளி டீசல் அங்கே மெழுகு கட்டும். 2019-இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரி தாங்கும் டீசலைக் கொண்டுவந்தது. அதை நிரப்புங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தூங்காதீர்கள். உயிரைக் குடிக்கும் அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று படுக்குமுன் இறங்கிப் பாருங்கள்.