வயர்லெஸ் படித்தால் பிழைக்க முடியுமா?

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. வயர்லெஸ் படிப்பு என்றால் கோபுரத்தில் ஏறுகிற வேலைதானே என்பது ஒன்று. கணினி அறிவியலை விட்டுவிட்டு மகள் இதற்குப் போனால் பிழைப்பாளா என்பது மற்றொன்று. முதலாவதை விட்டுத்தள்ளுங்கள். இருக்கிற அலைக்கற்றைக்குள் (ரேடியோ அலைகளுக்குக் கிடைக்கும் அதிர்வெண்களின் பரப்புக்குள்) இன்னும் எவ்வளவு தகவலை அனுப்பலாம் என்பதுதான் அவள் படிக்க ஆசைப்படும் விஷயம்.

அலைக்கற்றையைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாது. ராடார், விமானம், செயற்கைக்கோள், ஒலிபரப்பு என்று பலர் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டார்கள். ஆகவே ஒரு ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைக்கற்றையில் நொடிக்கு எத்தனை பிட் (0 அல்லது 1 என்ற தகவல் துளி) என்பதே இத்துறையின் அளவுகோல். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்று 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

ஒரு சின்னக் கணக்கு. தகவலை அலையில் ஏற்றுவதைப் பண்பேற்றம் என்பார்கள். 64 குவாம் என்ற பண்பேற்ற முறையில் ஒரு குறியீடு, அதாவது ஒரு தடவை அனுப்பும் அலைவடிவம், 6 பிட் சுமக்கிறது. 256 குவாமில் 8 பிட். லாபம் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பிழைகள் கூடாமலிருக்க, சிக்னலின் திறனை ஏறத்தாழ நான்கு மடங்காக்க வேண்டும். இப்படித் திறனைக் கொட்டிக்கொண்டே போவது கட்டுப்படியாகாது. அதனால்தான் பொறியாளர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள்: பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல தகவலோட்டங்களை அனுப்புவது, ஒவ்வொரு கோபுரமும் கவனிக்கும் பகுதியான செல்களைச் சிறிதாக்கி அதே அலைவரிசையை அடுத்தடுத்த இடங்களில் மறுபடி பயன்படுத்துவது, அலைவரிசையின் உரிமையாளர் பயன்படுத்தாத நேரத்தில் பிறர் பகிர்ந்துகொள்வது.

அந்த நான்கு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. தாளும் பேனாவும் எடுத்து உட்காருகிறாளா என்று கவனியுங்கள். இத்துறையில் நாள் முழுக்க நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும்தான். புதுப்புதுக் கைப்பேசிகள் மீதுள்ள மோகத்தை மட்டும் நம்பி வருபவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சலித்துப்போகிறார்கள்.

முன்னோட்டம் பார்க்கவும் வழியுண்டு. கணினியின் யூஎஸ்பியில் செருகும் மலிவான ரேடியோ ஒன்றை வாங்கி (அது சிக்னலைப் பெறும், அனுப்பாது), குனு ரேடியோ என்ற இலவச மென்பொருளை நிறுவினால், பண்பலை நிலையங்கள் திரையில் வரிவரியாக எழும். நடுவிலுள்ள வெற்றிடங்களும் தெரியும். அனுப்பும் கருவிகளை மட்டும் உரிமம் இல்லாமல் தொட வேண்டாம், அது சட்டச் சிக்கல்.

இரண்டாவது பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தொலைத்தொடர்பில் வேலைக்கு ஆள் எடுப்பது சீராக நடப்பதில்லை. புதிய தலைமுறை வலையமைப்பு வரும்போது பெருகும், பிறகு தளரும். சிப் வடிவமைப்பு, வலையமைப்புத் திட்டமிடல், செயற்கைக்கோள் தொடர்பு, அலைக்கற்றை ஒழுங்குமுறை எனக் கதவுகள் பல. நிரல் எழுதப் பழகிவிட்டால் இதே கணிதத்தோடு இயந்திரக் கற்றல் பக்கமும் போகலாம். ஆனால் புது வழிமுறைகளை உருவாக்கும் பணிகளுக்கு முதுகலையோ முனைவர் பட்டமோ பெரும்பாலும் கேட்பார்கள். அந்தக் கூடுதல் ஆண்டுகளின் செலவை இளங்கலையில் சேர்ப்பதற்கு முன்பே அவளையும் வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.